சீசன் பாதியில் குவார்ட்டர்பேக்கை மாற்றலாமா? மூன்று வழிகளும் அவற்றின் விலையும்

மேல்படிப்புக்கு அமெரிக்கா போய், ஒரு சனிக்கிழமை ஸ்டேடியத்துக்குள் கால் வைத்த நாளிலிருந்து கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலை (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) விடமுடியாமல் ஆனவர்கள் நம்மில் நிறையப் பேர். அக்டோபர் வந்தால் இவர்களிடமிருந்து வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். "எங்கள் டீமின் அஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் பதினோரு பேர்) தேறி வருகிறது, ஸ்கோர் ஏறுகிறது, ஆனால் பெரிய மேட்ச் என்றால் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிபவர்) தடுமாறுகிறார். பெஞ்சில் ஒரு புதுப்பையன் இருக்கிறார், கை பிரமாதம் என்கிறார்கள். இறக்கினால் நவம்பரில் கரை சேருவோமா, இல்லை இருப்பதும் போய்விடுமா?"

முடிவெடுப்பது கோச்தான், நாமில்லை. ஆனாலும் எதை நம்புவது, எதற்காகக் கத்துவது என்று ரசிகனுக்கும் ஒரு தெளிவு வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளை மாற்றுவதென்றால் செப்டம்பரிலேயே மாற்ற வேண்டும். நவம்பரில் மாற்ற வேண்டியது ஆளை அல்ல, திட்டத்தை. இரண்டு பேரையும் மாற்றி மாற்றி இறக்குவது, இருவருக்கும் வேலை தனித்தனியாகப் பிரிந்திருந்தால் மட்டுமே நடக்கும். விதிவிலக்கு உண்டு, அதையும் பார்ப்போம்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

தேறியது நிஜமா? இதுதான் ஆகப் பெரிய கேள்வி, பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இதைத்தான். செப்டம்பரில் பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளை வீட்டுக்கு அழைத்து 50, 60 என்று அடிக்கின்றன. அந்தப் புள்ளிகளை வைத்து அஃபென்ஸ் தேறியது என்று சொல்வது தப்புக்கணக்கு. மொத்தப் புள்ளியை விட்டுவிட்டு ஒரு பிளேக்கு (பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சிக்கு) எத்தனை யார்டு என்று பாருங்கள், அதையும் முதல் பாதியில், எதிரணியின் முதல்தர ஆட்கள் களத்தில் இருக்கும்போது பாருங்கள். 2023-இல் விதி மாறி, ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிக்குள் 10 யார்டு நகர்ந்தால் கிடைக்கும் புது வாய்ப்பு) கிடைத்த பிறகும் கடிகாரம் ஓடுகிறது (ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் தவிர). அதனால் மேட்சுக்கு மேட்ச் பிளேக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. பழைய சீசனோடு மொத்தப் புள்ளியை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. தேர்ட் டவுனில் (மூன்றாவது முயற்சியில்) எத்தனை முறை தப்பிக்கிறார்கள், எதிரணியின் 20 யார்டுக்குள் போனால் டச்டவுனா (பந்தோடு எல்லைக் கோட்டைக் கடப்பது, 6 புள்ளி), வெறும் 3 புள்ளி ஃபீல்டு கோலா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கோளாறு எங்கே? பந்து தப்பாகப் போகிறதென்றால் அது குவார்ட்டர்பேக்கின் கோளாறாக இருக்கலாம், முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்களின் கோளாறாகவும் இருக்கலாம், யாருக்கு எப்போது எறிவது என்று எழுதிக்கொடுத்த திட்டத்தின் கோளாறாகவும் இருக்கலாம். லைன் ஓட்டையாக இருக்கும்போது ஆளை மாற்றினால் புது ஆள் அடிவாங்குவார், அவ்வளவுதான்.

இன்னும் எத்தனை மேட்ச், யாரோடு, எங்கே? வழக்கமான சீசன் 12 மேட்ச்தான். நவம்பரில் வடக்கே குளிரும் மழையும் காற்றும் வந்துவிடும். நீளமான பாஸை நம்பியிருக்கும் அஃபென்ஸ் அங்கே திணறும்.

மாற்றினால் யார் போவார்? முன்பு இது பெரிய விஷயமில்லை. 2018-இல் புது விதி வந்தது: ஒரு சீசனில் 4 மேட்சுக்கு மேல் ஆடாதவர் அந்த வருடத்தைத் தன் கணக்கில் கழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் பட்டியல்) திறந்தது. 2021 முதல் ஒரு வருடம் உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றும் ஆகிவிட்டது. ஆக, பெஞ்சுக்கு அனுப்பப்பட்டவர் பெஞ்சிலேயே இருப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இப்போதிருப்பவரின் உச்சம் எவ்வளவு? அவர் இன்று எப்படி ஆடுகிறார் என்பது பாதிதான். மிக நன்றாக ஆடினாலும் சீசனின் ஆகக் கடினமான டீமை அவரால் அடிக்க முடியுமா என்பது மீதி.

ஒரு விளக்கம் மட்டும் கிரிக்கெட்டிலிருந்து சொல்கிறேன். தொடக்க ஆட்டக்காரரை மாற்றினால் நான்காவதாக வருபவரின் பேட்டிங் மாறிவிடாது. இங்கே அப்படியில்லை. ஸ்னாப் (பிளேயைத் தொடங்கப் பின்னால் தரப்படும் பந்து) வாங்கும் வேகம், குரல் கொடுக்கும் தாளம், பந்து கையை விட்டுப் போகும் நேரம் எல்லாம் மாறும், பதினோரு பேரும் அதற்கு ஏற்ப மாற வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும்.

## வழி 1: அதே ஆளை வைத்துக்கொண்டு திட்டத்தை மாற்றுவது

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 2014-இன் ஒஹாயோ ஸ்டேட். ஆகஸ்டில் நட்சத்திர குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள்பட்டையில் அடி, சீசன் முழுக்கப் போயிற்று. அதுவரை ஒரு கல்லூரி மேட்ச்கூட ஆடியிராத ஜே. டி. பாரெட் வந்தார். இரண்டாவது மேட்சிலேயே சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 35-21 தோல்வி. பாரெட் 29 முறை எறிந்ததில் 9 மட்டுமே கைக்குப் போனது, 3 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பாஸ்), 7 சாக் (எறியும் முன்பே வீழ்த்தப்பட்டது). அன்றைக்கு அவரைத் தூக்கச் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எண்ணிக்கை அப்படி. ஆனால் மேட்சைத் திரும்பிப் பார்த்தால் கோளாறு லைனில் இருந்தது தெரியும். நான்கு பேர் புதியவர்கள். வர்ஜீனியா டெக் ஆட்களை முன்னால் குவித்து, பின்னால் கிட்டத்தட்ட காவலே இல்லாமல் விட்டு, "முடிந்தால் எறி" என்று சவால் விட்டது. பாரெட்டுக்குப் பந்தை விட நேரமே கிடைக்கவில்லை.

கோச் அர்பன் மேயர் ஆளை மாற்றவில்லை, லைனைத் தேற்றினார்கள். அடுத்த நான்கு மேட்சில் 66, 50, 52, 56 புள்ளி. இதில் கென்ட் ஸ்டேட்டை 66-0 என்று அடித்ததை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். ஆனால் நவம்பர் 8-இல் மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 49-37 என்று அடித்தார்களே, அதுதான் நிஜமான சான்று. அந்த டிஃபென்ஸ் (தடுத்து ஆடும் பதினோரு பேர்) நாட்டின் தலைசிறந்தவற்றில் ஒன்று.

அதே கல்லூரி பத்து வருடம் கழித்து இன்னொரு பாடம் தந்தது. 2024 நவம்பர் 30, சொந்த மைதானம், எதிரே 6 வெற்றி, 5 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்த மிச்சிகன். ஒஹாயோ ஸ்டேட் 13-10 என்று தோற்றது. மிச்சிகனின் நடு டிஃபென்ஸில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு மலைகள் (இருவரும் அடுத்த ஏப்ரலில் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) தேர்வின் முதல் சுற்றில் தேர்வானவர்கள்). அந்த இருவர் நிற்கும் இடத்திலேயே பந்தைக் கொடுத்து ஓடச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெளிப்புறத்தில் ஜெரமையா ஸ்மித் போன்ற ஒரு ரிசீவரை (பாஸைப் பிடிப்பவர்) வைத்துக்கொண்டு. வில் ஹோவர்ட் 2 இன்டர்செப்ஷன் கொடுத்தார், ஊரே அவரைத் திட்டியது.

கோச் ரயன் டே ஹோவர்டை விடவில்லை. அஃபென்ஸின் பிளேக்களைத் தேர்ந்து சொல்லும் சிப் கெல்லியையும் விடவில்லை. மாறியது அணுகுமுறை. மூன்று வாரம் கழித்து பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்அவுட்) டென்னஸியோடு முதல் டிரைவிலேயே (பந்து ஒரு டீமிடம் தொடர்ந்து இருக்கும் வாய்ப்பு) ஹோவர்டிடமிருந்து ஸ்மித்துக்கு 37 யார்டு டச்டவுன், முதல் குவார்ட்டர் முடியும்போது 21-0, கடைசியில் 42-17. அப்புறம் அதுவரை தோல்வியே காணாத ஆரிகனோடு முதல் பாதியிலேயே 34-0 என்று போய், ஸ்மித் மட்டும் 187 யார்டு. டெக்சஸை 28-14, இறுதியில் நோட்ர டேமை 34-23. நவம்பர் கடைசியில் தோற்ற அதே டீம்தான் ஜனவரியில் கோப்பை வாங்கியது.

இந்த வழியின் மறைவான செலவு நேரம்தான். 2024-இல் 12 டீம் பிளேஆஃப் வந்துவிட்டதால் இரண்டு தோல்விக்குப் பிறகும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு இடம் கிடைத்தது. 2014 முதல் 2023 வரை இருந்த 4 டீம் முறையில் அந்த மிச்சிகன் தோல்வியோடு கதை முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இன்னொரு செலவு, பொறுமை காக்கும்போது பெஞ்சில் இருக்கும் நல்ல பையன் அடுத்த ஊருக்குப் போகலாம்.

எப்போது சிறந்தது? கோளாறு லைனிலோ திட்டத்திலோ இருக்கும்போது. ஆள் முன்பு நன்றாக ஆடியதைக் கண்ணால் பார்த்திருக்கும்போது. சீசனில் மூன்று, நான்கு மேட்ச்தான் மிச்சம் என்னும்போது.

எல்எஸ்யு-வின் (லூயிசியானா ஸ்டேட்) ஜோ பரோவையும் இதே வரிசையில் வைப்பேன், ஆனால் அது சீசன் நடுவில் நடந்ததல்ல. 2018-இல் அவர் 16 டச்டவுன் எறிந்த சாதாரண குவார்ட்டர்பேக். என்எஃப்எல் டீமான நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிலிருந்து ஜோ பிரேடி வந்து பாஸ் திட்டத்தை விரித்துப் போட்ட பிறகு, 2019-இல் 60 டச்டவுன், 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை). ஆள் அதே ஆள்.

## வழி 2: ஆளையே மாற்றுவது

2018 கிளெம்சன். கெல்லி பிரையன்ட் கடைசி ஆண்டு மாணவர், முந்தைய சீசனில் டீமைப் பிளேஆஃப் வரை கொண்டு போனவர். ஆனால் அங்கே அலபாமாவிடம் 24-6 என்று தோற்றபோது அவரது உச்சம் எதுவென்று தெரிந்துவிட்டது. இதைத்தான் மேலே ஐந்தாவது கேள்வியாக வைத்தேன். 2018-இல் நான்கு மேட்சும் ஜெயித்திருந்தார்கள், பிரையன்ட் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸ் ஜார்ஜியா டெக்கோடு 4 டச்டவுன் எறிந்ததும், செப்டம்பர் 24 திங்கட்கிழமை கோச் டேபோ ஸ்வினி லாரன்ஸ்தான் இனி முதல் ஆள் என்றார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே மாற்றுவதற்குத் தைரியம் வேண்டும். அதை நான்கு மேட்ச் முடிவதற்குள் செய்தது நியாயமும்கூட, ஏனென்றால் பிரையன்ட்டுக்கு அந்த வருடம் வீணாகவில்லை.

விலை உடனே வந்தது. இரண்டே நாளில் பிரையன்ட் கிளம்பிவிட்டார். அந்தச் சனிக்கிழமை சிராக்யூஸோடு மேட்ச், முதல் பாதியிலேயே லாரன்ஸுக்கு அடிபட்டு வெளியே. வாரத் தொடக்கத்தில் மூன்றாவது ஆளாக இருந்த சேஸ் பிரைஸ் உள்ளே வந்தார். கடைசிக் குவார்ட்டரில் 10 புள்ளி பின்னால். அதை 23-20 ஆக்கிய பிறகு, தங்கள் பக்கத்து 6 யார்டுக் கோட்டிலிருந்து கடைசி டிரைவ். போர்த் டவுன் (கடைசி முயற்சி), 6 யார்டு வேண்டும், தவறினால் சீசனே கைவிட்டுப் போகும். பிரைஸ் நின்று டீ ஹிக்கின்ஸுக்கு 20 யார்டு எறிந்தார். பின்பு டிராவிஸ் எட்டியன் உள்ளே நுழைந்தபோது 41 விநாடி மிச்சம், 27-23. எட்டியன் அன்றைக்கு ஓடியது 203 யார்டு. அவரும் அந்த லைனும் இல்லாவிட்டால், லாரன்ஸை இறக்கியது மாபெரும் தவறு என்று இன்றும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதன்பின் அக்டோபரில் வேக் ஃபாரஸ்டை 63-3, ஃப்ளோரிடா ஸ்டேட்டை 59-10, நவம்பர் தொடக்கத்தில் லூயிவில்லை 77-16. ஜனவரி 7, 2019-இல் அதே அலபாமாவை 44-16. லாரன்ஸ் 347 யார்டு, 3 டச்டவுன். 15-0.

கவனியுங்கள், லாரன்ஸ் முதல் நான்கு மேட்சிலும் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் ஆடினார், பிறகு முழு அக்டோபரும் அவருக்கு இருந்தது. பெரிய மேட்ச் வரும்போது அவர் புது ஆள் அல்ல.

இப்போது விதிவிலக்கு. ஜனவரி 8, 2018, அலபாமா-ஜார்ஜியா இறுதி. பாதி ஆட்டத்தில் 13-0 ஜார்ஜியா. 25 வெற்றி, 2 தோல்வி என்று வந்த ஜேலன் ஹர்ட்ஸ் முதல் பாதியில் 8 முறை எறிந்ததில் 3 மட்டுமே கைக்குப் போய், மொத்தம் 21 யார்டு. அலபாமா கோச் நிக் சேபன் அவரை உட்காரவைத்து முதலாண்டு மாணவர் டூவா டாகோவாய்லோவாவை இறக்கினார். ஓவர்டைமில் முதல் பிளேயில் டூவா 16 யார்டு பின்னால் சாக் வாங்கினார். செகண்ட் டவுன், 26 யார்டு வேண்டும். நடுக்காவலரை ஒரு பக்கம் பார்வையால் இழுத்துவிட்டு, இடது ஓரத்தில் டிவான்டா ஸ்மித்துக்கு 41 யார்டு. 26-23, கோப்பை.

இதைக் காட்டி "பார்த்தாயா, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இழக்க உங்களிடம் ஏதாவது மிச்சம் இருந்ததா? அன்று இல்லை. அரை மேட்ச்தான், அதன்பின் சீசனே இல்லை. நவம்பர் முதல் வாரத்தில் நிற்கும் டீமின் நிலைமை அது அல்ல.

இன்னொன்று, ஹர்ட்ஸ் அடுத்த வருடம் போகாமல் இருந்தார். 2018 டிசம்பர் 1, எஸ்இசி (அலபாமாவும் ஜார்ஜியாவும் ஆடும் லீக்) இறுதி, மறுபடியும் ஜார்ஜியா. டூவாவுக்கு அடி, அலபாமா 28-21 பின்னால். ஹர்ட்ஸ் வந்து சமன் செய்து, பிறகு தானே 15 யார்டு ஓடி 35-28 ஆக்கினார். பெஞ்சுக்குப் போனவர் தங்குவது எவ்வளவு பெரிய வரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இன்றைய விதிகளில் அந்த வரத்தை நம்பித் திட்டம் போட முடியாது.

எப்போது சிறந்தது? சீசனில் எட்டு மேட்சாவது மிச்சம் இருக்கும்போது, புது ஆள் ஏற்கெனவே நிஜ மேட்சில் பந்து தொட்டிருக்கும்போது, பழைய ஆளின் உச்சம் போதாது என்பது பெரிய மேட்சில் தெரிந்துவிட்டபோது, முக்கியமாக ஓட்டமும் லைனும் பலமாக இருக்கும்போது.

## வழி 3: இருவரையும் மாற்றி மாற்றி

எனக்கு இதில் பெரிதாக நம்பிக்கை இல்லை. ஒரே ஒரு வடிவம் தவிர.

2006 ஃப்ளோரிடா அந்த வடிவம். கிறிஸ் லீக் கடைசி ஆண்டு, முழு மேட்சும் அவர் கையில். டிம் டீபோ முதலாண்டு. ஒன்றோ இரண்டோ யார்டு வேண்டிய இடத்தில் மட்டும் வந்து முட்டுவார், அந்த சீசனில் 8 டச்டவுன் ஓடினார். எதிரணிக்கு அவர் வந்தால் ஓடுவார் என்று தெரியும். அதை வைத்தே எல்எஸ்யு மேட்சில், ஓடப்போவது போல வந்து எம்பிக் குதித்து டேட் கேசிக்கு எறிந்து டச்டவுன். இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 41-14. யார் முதல் ஆள் என்ற சந்தேகம் களத்தில் யாருக்கும் இல்லை.

2015 ஒஹாயோ ஸ்டேட் இதற்கு நேர் எதிர். கார்டேல் ஜோன்ஸ் முந்தைய சீசனில் கோப்பை வாங்கித் தந்தவர், பாரெட் அவருக்கு முன் 11 வெற்றி கொடுத்தவர். இருவருமே முதல் ஆள். ஜோன்ஸ் தொடங்குவார், நார்தர்ன் இல்லினாய் மேட்சில் 2 இன்டர்செப்ஷன் கொடுத்தால் பாரெட் வருவார், அப்புறம் 20 யார்டுக்குள் மட்டும் பாரெட், அப்புறம் பாரெட்டே முதல் ஆள் என்று மாறிக்கொண்டே போனது. தோற்கவில்லை, அதனால் கோளாறு வெளியே தெரியவில்லை. தெரிந்த நாள் நவம்பர் 21. குளிர், மழை, எதிரே முதல் குவார்ட்டர்பேக் கானர் குக் இல்லாத மிச்சிகன் ஸ்டேட். ஒஹாயோ ஸ்டேட் மேட்ச் முழுக்க எடுத்தது 132 யார்டு. நாட்டின் ஆகச் சிறந்த ஓட்டக்காரர்களில் ஒருவரான எசக்கியல் எலியட்டிடம் பந்து போனது 12 முறை. கடைசி விநாடியில் ஃபீல்டு கோல், 17-14 தோல்வி. நாடு முழுக்கத் திறமைசாலிகள் நிறைந்த டீம் என்று பேசப்பட்ட அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. அடுத்த வாரம் மிச்சிகனோடு எலியட் 214 யார்டு ஓடி 42-13 என்று ஜெயித்தார்கள். அவ்வளவு சுலபமாக இருந்தது, ஒரு வாரம் தாமதம். அந்தத் தாமதம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

இங்கே மறைவான செலவு பயிற்சி நேரம். வாரத்தில் முதல்தர ஆட்களோடு பயிற்சி செய்யக் கிடைப்பது குறைவு; அதை இரண்டாகப் பிரித்தால் இருவருமே பாதி தயாராகத்தான் வருவார்கள். அஃபென்ஸ் யாருக்காக எழுதப்படுகிறது என்பதே தெளிவில்லாமல் போகும்.

## ஒரே பார்வையில்

| | அதே ஆள், புதுத் திட்டம் | புது ஆள் | இருவரும் |
|---|---|---|---|
| நேரம் | அக்டோபர் இறுதி, நவம்பர் | செப்டம்பர் | சீசன் தொடக்கம் முதல் |
| எந்தக் கோளாறுக்கு | லைன், திட்டம் | முதல் ஆளின் உச்சம் போதாதது | குறைந்த யார்டு, கோட்டருகே |
| மறைவான செலவு | தோல்வியிலிருந்து மீள நேரம் | பழையவர் போவது, அடிபட்டால் ஆள் இல்லாதது | பயிற்சி நேரம் பிரிவது |
| குளிரில், மழையில் | தாங்கும் | ஓட்டம் பலமாக இருந்தால் தாங்கும் | சிதறும் |
| உதாரணம் | ஒஹாயோ ஸ்டேட் 2014, 2024 | கிளெம்சன் 2018 | ஃப்ளோரிடா 2006 |

## அடிபட்டு மாற்ற வேண்டி வந்தால்?

நவம்பர் கடைசியில் முதல் ஆளுக்கு அடிபட்டுவிட்டால் மேலே சொன்ன எதுவும் தேர்வு அல்ல, கட்டாயம். 2014-இல் மிச்சிகன் மேட்சில் பாரெட்டின் கணுக்கால் முறிந்தபோது, கார்டேல் ஜோன்ஸ் அதுவரை ஒரு மேட்ச்கூடத் தொடங்கியதில்லை. அடுத்து விஸ்கான்சினோடு பிக் டென் (ஒஹாயோ ஸ்டேட் ஆடும் லீக்) இறுதி. அவரை பாரெட்டாக ஆக்க முயலவில்லை என்பதுதான் முக்கியம். பாரெட் சின்னச் சின்னதாக நகர்த்துவார். ஜோன்ஸுக்கு இருந்தது பலமான கை. ஆகவே எலியட்டை ஓடவிட்டு டிஃபென்ஸை முன்னால் இழுத்து, பின்னால் காலியாகும் இடத்தில் டெவின் ஸ்மித்துக்கு நீளமாக எறிய வைத்தார்கள். ஜோன்ஸ் எறிந்தது 17 தடவைதான், அதில் 12 கைக்குப் போய் 257 யார்டு, ஸ்மித்துக்கு மட்டும் 3 டச்டவுன். எலியட் 220 யார்டு. ஸ்கோர் 59-0. அலபாமாவோடும் ஆரிகனோடும் இதே சூத்திரம்தான், எலியட் 230, பிறகு 246.

உங்கள் டீமுக்கு இந்த நிலை வந்தால் புதுப்பையன் எத்தனை முறை எறிகிறார் என்று முதலில் எண்ணுங்கள். முதல் மேட்சிலேயே 40 முறை எறிய வைக்கிறார்கள் என்றால் கோச் பதற்றத்தில் இருக்கிறார். 20-க்குள் வைத்து, ஓட்டத்தை 40 முறை கூப்பிட்டால் அந்த டீமை டிசம்பர் வரை நம்பலாம்.